செவியருகே ஓர் இசையரங்கு

இசை என்பது பன்னெடுங் காலமாகப் பலர் கூடிக் கேட்கும் கலையாகவே இருந்து வந்தது. கோயில் வீதியில் நாதசுரம் முழங்கினால், வீதியில் நிற்போரும் வீட்டுத் திண்ணையில் இருப்போரும் அதனை ஒருங்கே கேட்டனர். அரங்கிலே பாடியவனுடைய குரல் அவ்விடத்துச் சுவரிலும் தூணிலும் பட்டுத் திரும்பி, அங்கிருந்த அனைவருக்கும் பொதுவாயிற்று. பாடுவோனுக்கும் கேட்போனுக்கும் இடம் ஒன்றாகவே இருந்தது. அந்தப் பொது இடத்தை நீக்கி, இசையை ஒருவருடைய இரு காதுகளுக்கு மாத்திரம் உரியதாக்கிய கருவியே செவிக்கருவி. இன்று யாவரும் 'ஹெட்போன்' என வழங்கும் இக்கருவிக்கு 140 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். நீக்கிய இடத்தை மீண்டும் எவ்வாறு உண்டாக்குவது என்பதே இக்கருவியைச் செய்தோருடைய இடையறாத கவலையாக இருந்திருக்கின்றது.

1881ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரிலே மின்சாரப் பொருட்காட்சியொன்று நடைபெற்றது. கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமைப் பத்திரம் பெற்று அப்போது ஐந்தாண்டுகளே கழிந்திருந்தன. கிளெமென் அதேர் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர், பாரிஸ் ஒப்பெரா அரங்கின் மேடை விளிம்பிலே இடப்பக்கத்தும் வலப்பக்கத்தும் ஒலிவாங்கிகளை வரிசையாக அமைத்தார். அவற்றிலிருந்து புறப்பட்ட கம்பிகள் பொருட்காட்சி மண்டபத்தை அடைந்தன. அங்கு வந்தோர் ஒவ்வொருவரும் காதுக்கு ஒன்றாக இரண்டு தொலைபேசிக் குழல்களைப் பிடித்துக்கொண்டு கேட்டனர். ஒரு குழல் மேடையின் இடப்பக்கத்து ஒலிவாங்கியோடும், மற்றையது வலப்பக்கத்து ஒலிவாங்கியோடும் இணைக்கப்பட்டிருந்தது. பாடகர் மேடையிலே நடக்க, அவர் குரலும் ஒரு காதிலிருந்து மறு காதை நோக்கி நகர்வதைக் கேட்டோர் உணர்ந்து வியந்தனர். பெரும் எழுத்தாளராகிய விக்டர் ஹியூகோ அவ்வாண்டு நவம்பர் மாதத்திலே தம் பேரப்பிள்ளைகளுடன் இந்தப் புதுமையைக் கேட்டுத் தம் குறிப்பேட்டிலும் எழுதிவைத்தார். ஸ்டீரியோ எனப்படும் இருவழி ஒலியை, அப்பெயர் வழக்கில் வருமுன்னரே பாரிஸ் மக்கள் நுகர்ந்துவிட்டனர்.

இம்முறை 1890ஆம் ஆண்டிலே 'தியாத்ரோபோன்' என்னும் பெயருடன் வாணிபமாயிற்று. விடுதிகளிலும் உணவகங்களிலும் வைத்த பெட்டியிலே காசு இட்டால் சில நிமிட நேரம் அரங்கின் இசை காதுக்கு எட்டும். சந்தா செலுத்தினோர் வீட்டிலிருந்தே கேட்டனர். நோயினால் பெரும்பாலும் அறையை விட்டு வெளியேறாத நாவலாசிரியர் மார்செல் புரூஸ்த் 1911ஆம் ஆண்டிலே இச்சேவையைப் பெற்று, வாக்னர், தெபுசி ஆகியோருடைய இசை நாடகங்களைத் தம் படுக்கையிலிருந்தே கேட்டார். இலண்டனில் 1895ஆம் ஆண்டிலே தொடங்கிய 'எலெக்ட்ரோபோன்' என்னும் சேவையும் இத்தகையதே. அந்நாளிலே செவிக்கருவி அரங்குக்கு மாற்றாகக் கருதப்படவில்லை. அரங்குக்குச் செல்ல இயலாதோரை அரங்கோடு இணைக்கும் கயிறாகவே கருதப்பட்டது. ஒரே இரவில், ஒரே பாடகரை, மேடை முன் இருந்தோரும் அறைக்குள் இருந்தோரும் ஒருமித்துக் கேட்டனர்.

தலையிலே அணியத்தக்க, நுண்ணிய ஒலியையும் தெளிவாகத் தரவல்ல கருவி அமெரிக்க நாட்டின் யூட்டா மாநிலத்திலே உருவாயிற்று. நதானியேல் போல்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறை மேசையிலே அதனைச் செய்து, 1910ஆம் ஆண்டிலே அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். அதனைச் சோதித்த கடற்படையினர், தம்மிடமிருந்த கருவிகளிலும் அது பன்மடங்கு மேலானதெனக் கண்டனர். மேலும் வேண்டுமெனக் கேட்டபோது, சமையலறையில் செய்வதால் ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் ஏற்க இயலாதென அவர் மறுமொழி கூறினார். கப்பல்களின் கம்பியில்லாத் தந்தியை நாடிப் பிறந்த அக்கருவி, பின்னர் வானொலியோடு பொதுமக்களிடம் வந்து சேர்ந்தது.

1920ஆம் ஆண்டுகளில் ஏழை எளியோரும் வாங்கத்தக்க வானொலி, படிகக்கல் ஒன்றைக் கொண்டு இயங்கிய சிறு பெட்டியேயாகும். அதற்கு மின்கலமும் வேண்டியதில்லை. வானிலே வந்த அலையின் ஆற்றலே அதனை இயக்கியது. ஆயின், அத்துணைச் சிறிய ஆற்றல் செவிக்கருவியை அசைக்கப் போதுமேயன்றி அறையை நிரப்பப் போதாது. ஒருவர் கேட்க, மற்றையோர் அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தனர். இக்குறையை மக்கள் தம் கைவண்ணத்தாலேயே தீர்த்தனர். செவிக்கருவியின் இரு பகுதிகளையும் பிரித்து ஆளுக்கொன்றாகக் காதில் வைத்தனர். வேறு சிலர் அதனைப் பெரிய கிண்ணமொன்றினுள் இட்டனர். கிண்ணத்தின் சுவரிலே பட்டு ஒலி சற்றே பெருக, குடும்பத்தினர் அதனைச் சூழ இருந்து கேட்டனர். தனித்துக் கேட்கும் கருவி கைக்கு வந்தவுடன் மக்கள் செய்த முதல் வேலை, அதனைப் பகிர்ந்து கொள்ள வழி தேடியதே.

இலங்கையிலும் வானொலி பிறந்தது அந்தக் காலத்திலேதான். எட்வேட் ஹார்ப்பர் என்னும் பொறியியலாளர் 1923ஆம் ஆண்டிலே கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்துச் சிற்றறை ஒன்றிலிருந்து இசைத்தட்டின் இசையைப் பரிசோதனையாக ஒலிபரப்பினார். கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிச் சாதனங்களைக் கொண்டே அவ்வொலிபரப்பி அமைக்கப்பட்டது. போருக்கெனச் செய்யப்பட்ட கருவி இசைக்குப் பயன்பட்டது. 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் திகதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கப்பெற்றது.

அதே 1925ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ரைஸ், கெலொக் என்னும் இருவர், இன்றைய ஒலிபெருக்கிகளுக்கு மூலமான சுருள் ஒலிபெருக்கியின் அமைப்பை வெளியிட்டனர். ஒலிபெருக்கி வந்ததும் கிண்ணத்துக்கு வேலையில்லாது போயிற்று. ஒரு வீடு, ஒரு பெட்டி, பல செவிகள் என்னும் வழக்கம் உலகெங்கும் பரவியது. செவிக்கருவியோ வீட்டை விட்டு நீங்கி, விமானிகளுக்கும் தந்தி ஊழியர்க்கும் ஒலிப்பதிவுக் கூடத்தினர்க்கும் உரிய தொழிற்கருவியாயிற்று. ஆயினும் அதன் வளர்ச்சி நின்றுவிடவில்லை. 1937ஆம் ஆண்டிலே ஜேர்மனியில் ஒய்கன் பயர் என்பாருடைய நிறுவனம் 'டி.ரி. 48' என்னும் செவிக்கருவியை வெளியிட்டது. பழைய கருவிகளிலே இரும்புத் தகடு காந்தத்தால் ஈர்க்கப்பட்டு அதிர்ந்தது. புதியதிலோ, மெல்லிய சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப் புலத்தினுள் அசைந்தது. சின்னஞ்சிறிய ஒலிபெருக்கி ஒன்றைக் காதருகே வைத்ததற்கு இது ஒப்பாகும். இன்றைய செவிக்கருவிகளிற் பெரும்பாலானவை இந்த முறையினவே.

தொழிற்கருவியை மீண்டும் இசைக்கருவியாக்கியவர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஜோன் கொஸ் ஆவார். 1958ஆம் ஆண்டிலே அவர் தம் நண்பராகிய பொறியியலாளர் மார்ட்டின் லாங்குடன் சேர்ந்து, எடுத்துச் செல்லத்தக்க இசைத்தட்டுப் பெட்டியொன்றைக் கண்காட்சிக்குக் கொணர்ந்தார். அதனைத் தனித்துக் கேட்டற்கெனச் செவிக்கருவி ஒன்றையும் உடன் வைத்தார். வந்தோர் பெட்டியைப் பாராட்டவில்லை, செவிக்கருவியையே நாடினர். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் விற்பனைக்கு வரத் தொடங்கிய காலம் அது. வயலின் ஒரு புறமும் தாளக்கருவி மறு புறமுமாகப் பிரிந்து ஒலிப்பதைச் செவிக்கருவி தெளிவுறக் காட்டியது.

ஆயினும், கேட்டோர் விரைவிலே ஒரு குறையை உணர்ந்தனர். இசைக்குழு எதிரே அமர்ந்து வாசிப்பதாகத் தோன்றாது, தலைக்குள்ளேயே புகுந்து வாசிப்பதாகத் தோன்றியது. காரணம் எளிது. அறையிலே இடப்பக்கத்து ஒலிபெருக்கியின் ஒலி இடக் காதை முதலில் அடைந்து, கணப்பொழுது தாழ்த்து, தலையைச் சுற்றி வலக் காதையும் அடைகின்றது. சுவர்களும் அதனைத் திருப்பி அனுப்புகின்றன. இந்தச் சிறு வேறுபாடுகளைக் கொண்டே ஒலி வரும் திசையையும் தொலைவையும் மூளை கணிக்கின்றது. செவிக்கருவியிலோ இடப்பக்கத்து ஒலி இடக் காதுக்கே உரியது. ஆகவே மூளை இசையைத் தலைக்குள் வைத்துவிடுகின்றது. பெஞ்சமின் பவர் என்னும் அறிஞர் 1961ஆம் ஆண்டிலே இதனை ஆராய்ந்து, ஒரு பக்கத்து ஒலியில் ஒரு பங்கைச் சற்றுத் தாமதித்து மறு பக்கத்துக்கும் அனுப்பும் மின்சுற்றொன்றை விளக்கினார். இழந்த அறையை மின்சுற்றினாலே திரும்ப அமைக்க எடுத்த முயற்சி இது.

வேறு வழி தேடியவர்களும் இருந்தனர். யப்பானிய நிறுவனமாகிய ஸ்டாக்ஸ் 1960ஆம் ஆண்டிலே, துளையிட்ட இரு தகடுகளுக்கிடையே மிக மெல்லிய சவ்வினை நிறுத்தி, நிலைமின் விசையால் அதனை அசைக்கும் செவிக்கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அச்சவ்வுக்குப் பாரமான சுருள் இல்லை. ஆதலால் வீணையின் தந்தியை விரல் தொடும் கணம் போன்ற நுண்ணொலியும் மழுங்காது கேட்கும். ஆயின் அதற்குத் தனி மின்பெருக்கியும் உயர் மின்னழுத்தமும் வேண்டும். 1968ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் வெளியிட்ட 'எச்.டி. 414' அதனினும் எளிய வழியைக் கண்டது. காதை இறுக மூடும் கிண்ணங்களை நீக்கி, மஞ்சள் நிறக் கடற்பஞ்சு போன்ற மெத்தைகளை மாத்திரம் காதின்மேல் வைத்தது. ஒலி வெளியேயும் சென்றது. வெளியொலி உள்ளேயும் வந்தது. இசை தலைக்குள் அடைபட்டுக் கிடப்பதாகத் தோன்றாது சற்றே வெளியே விரிந்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட கருவிகள் விற்கப்பட்டன.

இன்று செவிக்கருவிகளை ஒப்பிடுவோர் திறந்தது நன்றோ, மூடியது நன்றோ என வாதிடுகின்றனர். உண்மையில் அது இடத்தைப் பொறுத்த வினாவாகும். அமைதியான அறையில் தனித்திருப்போருக்குத் திறந்தது இனிது. பேருந்திலும் புகைவண்டியிலும் இருப்போருக்கு அது பயன்படாது. அயலிலிருப்போருக்குத் தொல்லையும் தரும். மூடியது தாழ்ந்த நாதத்தை நிறைவாகத் தரும். ஆயின் இசையைச் சுவருக்குள் அடைக்கும்.

பயணத்துக்கேற்ற இசை வந்தது 1979ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே. சோனி நிறுவனத்தின் 'வாக்மன்' ஒலிநாடாப் பெட்டியையும், ஏறத்தாழ 50 கிராம் எடையே கொண்ட அதன் செவிக்கருவியையும் இளைஞர் சட்டைப்பையிலும் இடுப்பிலும் கொண்டு திரிந்தனர். அந்த முதற் பெட்டியிலே செவிக்கருவிக்கான துளைகள் இரண்டு இருந்தன. ஒருவர் தனித்து இசை கேட்பது அருகிலிருப்போருக்கு மரியாதைக் குறைவாகும் என அந்நிறுவனத்தின் தலைவர் அக்கியோ மொரித்தா கருதினமையே அதற்குக் காரணம். இருவர் உரையாடுதற்கென, இசையைத் தாழ்த்தும் பொத்தானும் அதில் வைக்கப்பட்டது. மக்களோ அதனைத் தத்தமக்கு உரிய தனிப்பொருளாகவே கொண்டனர். பின்வந்த பெட்டிகளில் இரண்டாந் துளை மறைந்தது. கிண்ணத்தைச் சூழ இருந்தோரின் பேரப்பிள்ளைகள், தெருவில் நடந்துகொண்டே தமக்கு மாத்திரம் கேட்கும் இசையிலே ஆழ்ந்தனர்.

1978ஆம் ஆண்டிலே விமானத்தில் பயணஞ் செய்த பேராசிரியர் அமர் போஸ், இயந்திர இரைச்சலால் இசையைக் கேட்க இயலாமற் போகவே, அதனை நீக்கும் வழியைச் சிந்தித்தார். வெளி இரைச்சலைச் சிறு ஒலிவாங்கி பற்றும். அதற்கு நேரெதிரான அலையைக் கருவி உண்டாக்கும். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். 1989ஆம் ஆண்டிலே விமானிகளுக்கு விற்கப்பட்ட இம்முறை, பின்னர் பொதுமக்களுக்கும் வந்தது. அறையை நீக்கிய கருவி உலகத்தையும் நீக்க வல்லதாயிற்று.

இனி, விலைக்கும் தரத்துக்கும் உள்ள உறவு யாது? சென்ஹைசர் நிறுவனம் 1991ஆம் ஆண்டளவில் 'ஓர்பியஸ்' என்னும் கருவியை, வெற்றிடக் குழாய் மின்பெருக்கியுடன், 300 மாத்திரமே செய்தது. அத்தகையவற்றை நாடும் இரசிகர் உலகெங்கும் உளர். ஆயினும் 2017ஆம் ஆண்டிலே 283 செவிக்கருவிகளை அளந்து வெளியிட்ட ஆய்வொன்று, விலைக்கும் ஒலியின் சீருக்கும் தொடர்பு காணப்படவில்லை எனக் கூறியது. ஹார்மன் நிறுவனத்து ஆய்வாளராகிய ஷோன் ஒலிவ் முதலியோர், கருவியின் பெயரும் விலையும் தெரியாவண்ணம் மறைத்துக் கேட்போரைச் சோதித்தனர். பெரும்பாலோர் விரும்பியது எது? நல்ல அறையிலே வைத்த நல்ல ஒலிபெருக்கி போல ஒலித்த செவிக்கருவியையே. அறை இன்றிக் கேட்க வந்தோரின் செவியும் அறையையே நாடுகின்றது!

இந்த இன்பத்துக்கு விலையும் உண்டு. உட்செவியிலுள்ள நுண்மயிர்க் கலங்கள் அழிந்தால் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. வாரத்துக்கு 40 மணி நேரமாயின் 80 டெசிபல் அளவோடு அமைதல் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஒலி 90 டெசிபல் ஆயின், அந்த 40 மணி நேரம் நான்கு மணி நேரமாகச் சுருங்கும். இரைச்சலை வெல்ல ஒலியை உயர்த்துவோர் செவிச்செல்வத்தையே செலவிடுகின்றனர்.

நல்ல செவிக்கருவியைத் தேர விரும்புவார்க்கு வரலாறு காட்டும் சோதனை எளியது. பலமுறை கேட்டுப் பழகிய பாட்டு ஒன்றைத் தாழ்ந்த ஒலியில் வைத்துக் கேட்டல் வேண்டும். பாடுவோர் நிற்கும் இடமும், அவரைச் சூழ்ந்த வெளியும் புலப்படுமாயின் அக்கருவி நன்று. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் இருவர், ஒரே கம்பியின் இரு முனைகளையும் ஆளுக்கொன்றாகக் காதில் இட்டு, தோளோடு தோள் சேர்ந்து நடக்கும் காட்சியைப் பலரும் கண்டிருப்பர். ஸ்டீரியோவின் பாதியை இழந்தே அவர்கள் அவ்வாறு கேட்கின்றனர். அவ்விழப்பு அவர்களுக்கு ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை.