தாலந்து

தமிழகத் திருச்சபைகளில் ‘தாலந்துப் போட்டி’ என்றால் பாட்டு, பேச்சு, வசன ஒப்புவிப்பு. மேடையேறத் தயங்கும் பிள்ளை, “எனக்குத் தாலந்து கிடையாது” என்று பின்வரிசையில் ஒதுங்கிவிடும். அந்த இடத்தில்தான் இச்சொல்லின் வேர் உதவுகிறது.

‘தாலந்தோன்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தராசு என்பது முதற்பொருள். பிறகு அது ஓர் எடையின் பெயராகி, அவ்வளவு வெள்ளியின் மதிப்பையும் குறித்தது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் எஜமான் தன் ஊழியர்களிடம் ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளை ஒப்படைக்கிறான். ‘திறமை’ என்ற பொருள் இந்த உவமையிலிருந்து பிறந்ததே. ஆங்கிலத்தில் அது 15ஆம் நூற்றாண்டுவாக்கில் வேரூன்றியது.

ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். அதே நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டக் கூலியாளுக்கு ஒரு நாள் சம்பளம் ஒரு தெனாரியம். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்தாலும், ஒரு தாலந்து இருபது ஆண்டு உழைப்பின் கூலி! ‘ஒன்றே ஒன்று’ பெற்றவன் ஏழையல்ல. அவனை நம்பி எஜமான் கொடுத்தது பெருஞ்செல்வம். பயந்துபோய் அவன் அதை மண்ணில் புதைத்தான்.

உவமையைக் கற்பிக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். பின்வரிசைப் பிள்ளைக்கு அது அவசியம் தெரிய வேண்டும்.