பேச்சிலும் ஊசியிலும் லக்னோ

உத்தியோக நிமித்தமாக வடக்கே போய்க் குடித்தனம் செய்த நம்மவர்களிடம் எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும், முதலில் தண்ணீர், காய்கறி, குளிர் என்றுதான் ஆரம்பிப்பார்கள். லக்னோவில் இருந்தவர்கள் மட்டும் "அந்த ஊர்ப் பேச்சு இருக்கிறதே!" என்று தொடங்குவார்கள். என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. அதன் பொருட்டு பதினான்கு வருஷங்கள் அந்த ஊரில் வசித்தவள் என்ற முறையில் நானும் அப்படித்தான் தொடங்குகிறேன். ஆனால் பேச்சோடு நிறுத்தாமல், அந்த ஊரின் கைவேலையான சிகன் பூத்தையலையும் சேர்த்தே எழுத ஆசை. (பெயரைக் கேட்டு யாரும் பதற வேண்டாம். இதற்கும் கோழிக்கும் சம்பந்தம் இல்லை. துணியில் பூவேலை செய்வதைக் குறிக்கும் பழைய பாரசீகச் சொல் வழி வந்தது என்பார்கள்.) பேச்சும் ஊசியும் ஒரே மண்ணில் வளர்ந்தவை. அவற்றின் சரித்திரத்தில் நம் வீடுகளுக்கும் ஒரு செய்தி இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நவாபுகளின் தலைநகரம்

அவத் ராஜ்யத்தின் தலைநகரம் முதலில் ஃபைசாபாத். அயோத்திக்கு அடுத்த ஊர். 1775-ல் பட்டத்துக்கு வந்த நவாப் ஆசஃப் உத் தௌலா தலைநகரை லக்னோவுக்கு மாற்றினார். அப்போது டெல்லி க்ஷீண தசையில் இருந்தது. 1739-ல் நாதிர் ஷாவின் படையெடுப்பு, அதன் பின் ஆப்கானியரின் படையெடுப்புகள் என்று அடி மேல் அடி. ஆதரிக்க அரசர் இல்லாத கவிஞர்கள், பாடகர்கள், கைவினைஞர்கள், சமையல் வல்லுநர்கள் எல்லோரும் கிழக்கே நகர்ந்தார்கள். உருது மகாகவி மீர் தகீ மீர் 1782-ல் லக்னோவுக்கு வந்து, 1810-ல் அங்கேயே காலமானார். இப்படி வந்து சேர்ந்தவர்களால்தான் லக்னோ லக்னோ ஆயிற்று.

1784-ல் கடும் பஞ்சம். ஜனங்களுக்குச் சும்மா தானியம் கொடுப்பதை விட வேலை கொடுத்துக் கூலி தருவது மேல் என்று நவாப் பெரிய இமாம்பாராவைக் கட்ட ஆரம்பித்தார். அதன் நடு மண்டபம் ஏறத்தாழ 50 மீட்டர் நீளம். கூரையைத் தாங்க உள்ளே ஒரு தூணோ உத்தரமோ கிடையாது. இந்தக் கட்டடம் பற்றி ஊரார் பரம்பரையாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. நல்ல நிலையில் இருந்து நொடித்துப் போன குடும்பத்தினருக்குப் பகலில் மண் சுமக்க வெட்கம். அவர்களுக்காக இரவில் வேலை வைத்தார்களாம், யார் முகமும் யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக. பகலில் கட்டியதை இரவில் இடிப்பதுதான் அந்த வேலை என்று சொல்வாரும் உண்டு. ஏட்டில் எழுதின சரித்திரமாக இதை நான் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு ஊர் தன்னைப் பற்றி இருநூறு வருஷமாக எந்தக் கதையைச் சொல்லிக் கொள்கிறது என்பது முக்கியம். வாங்குகிறவன் தலை குனியாதபடி கொடுப்பதுதான் மரியாதை என்று அந்த ஊர் நினைத்திருக்கிறது.

கரீப் கானாவும் குடிசையும்

லக்னோ மரியாதையைக் கேலி செய்யும் கதை எல்லோரும் அறிந்ததே. இரண்டு கனவான்கள் ரயிலடியில் நின்று "முதலில் தாங்கள்", "இல்லை, முதலில் தாங்கள்" என்று உபசரித்துக் கொண்டே இருக்க, ரயில் போய்விட்டதாம். ரயில்வே குடும்பம் என்பதால் எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் இதை ஒரு தடவையாவது சொல்லியிருப்பார்கள்.

ஆனால் அந்தப் பேச்சின் அமைப்பைக் கவனித்தால் கேலி செய்யத் தோன்றாது. அங்கே ஒருவர் தம் வீட்டைச் சொல்லும்போது 'கரீப் கானா', அதாவது ஏழையின் இல்லம் என்பார். அதே வாயால் எதிரில் இருப்பவரின் வீட்டை 'தௌலத் கானா', செல்வம் நிறைந்த மாளிகை என்பார். தான் சொல்வது 'அர்ஸ்', விண்ணப்பம். மற்றவர் சொல்வது 'ஃபர்மானா', ஆக்ஞை. தான் வந்தால் வெறுமனே 'ஆஜர்'. பிறர் வந்தால் 'தஷ்ரீஃப்' கொண்டு வருகிறார்கள். நான்கு வயதுக் குழந்தையையும் 'ஆப்' என்றுதான் அழைப்பார்கள். மரியாதையாகப் பேசப்பட்ட குழந்தைக்குத்தானே மரியாதையாகப் பேச வரும்?

இதைக் கேட்டதும் எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தது. ஸ்ரீவைஷ்ணவ பரிபாஷையில் தன் வீடு 'குடிசை', பிறர் வீடு 'திருமாளிகை' அல்லவா? தான் சொல்வது விண்ணப்பம். பெரியவர்கள் சொன்னால் 'ஸாதித்தார்'. அவர்கள் வரவில்லை, 'எழுந்தருளினார்கள்'. பாரசீகம் கலந்த உருதுவும் நம் ஆசார்ய பரம்பரைத் தமிழும் ஒன்றையொன்று பார்த்து எழுதிக் கொண்டவை அல்ல. தன்னைச் சற்றே தாழ்த்தி, எதிராளிக்கு இடம் விட்டுப் பேசினால்தான் நாலு பேர் சேர்ந்து வாழ முடியும் என்பதை இரண்டு சமூகங்களும் தனித்தனியே கண்டுபிடித்திருக்கின்றன. "போயிட்டு வரேன்" என்று நாம் சொல்வதும், விளக்கை 'அணை' என்று சொல்லக் கூசுவதும் இதே வகைதான்.

வெள்ளை மேல் வெள்ளை

இனி ஊசிக்கு வருவோம். சிகன் வேலையை ஹிந்துஸ்தானத்துக்குக் கொண்டுவந்தவர் ஜஹாங்கீரின் ராணி நூர்ஜஹான் என்று ஐதீகம். அது எப்படியிருந்தாலும், அதை நுணுக்கத்தின் உச்சிக்குக் கொண்டுபோனது லக்னோ. மெல்லிய வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் பூவும் கொடியும் போடுவதுதான் அதன் பழைய இலக்கணம். பளபளப்பு இல்லை, ஜரிகை இல்லை. பக்கத்தில் வந்து பார்ப்பவர்களுக்கு மட்டுமே அழகு தெரியும்.

வேலை நடக்கும் முறை இப்படி. முதலில் துணியை வெட்டிக் குர்த்தாவாகத் தைத்து விடுவார்கள். பிறகு அச்சுக்காரர் மர அச்சினால், பிசின் கலந்த நீலச் சாயத்தில் கோலத்தைப் பதிப்பார். துவைத்தால் போய்விடும் சாயம். அதன் மேல்தான் பூத்தையல். கடைசியில் வண்ணார் துவைத்து, நீலத்தைப் போக்கி, கஞ்சி போட்டுத் தேய்ப்பார். கோமதி நதிக்கரைதான் இதற்குப் பெயர் போன இடம். தையல் வகைகள் முப்பதுக்கு மேல் உண்டு. 'தேப்சி' என்பது சாதாரண ஓட்டுத் தையல். 'பகியா' துணியின் உட்புறம் போடப்படுவது. நூல் உள்ளே இருக்க, அதன் நிழல் மட்டும் வெளியே தெரியும். 'ஃபந்தா' கம்பு மணி போன்ற முடிச்சு. 'முர்ரி' அரிசி மணி போல நீண்டது. 'ஜாலி' பலகணி வேலை. இதில் துணியின் ஓர் இழையைக் கூட வெட்டவோ உருவவோ மாட்டார்கள். ஊசியால் இழைகளை மெதுவாக விலக்கிக் கட்டியே கண்ணறைகள் செய்து விடுவார்கள்.

ஒருவருக்கே எல்லாத் தையலும் வருவது அபூர்வம். பகியா போடுகிறவர் வீட்டிலிருந்து முர்ரி போடுகிறவர் வீட்டுக்கு, அங்கிருந்து ஜாலிக்கு என்று ஒரே குர்த்தா பல வாசல்கள் ஏறி இறங்கும். நாம் போட்டுக் கொள்ளும் ஒரு சட்டையில் ஒருவரையொருவர் பார்த்திராத ஐந்தாறு பேரின் கை இருக்கும்.

1856-க்குப் பிறகு

1856 பிப்ரவரியில் கிழக்கிந்தியக் கம்பெனி அவத்தைத் தன் வசமாக்கிக் கொண்டது. கடைசி நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தாவுக்குப் போய், மட்டியாபுருஜில் வாழ்ந்து 1887-ல் காலமானார். 1857 கிளர்ச்சியை அடக்கியபின் ஆங்கிலேயர் பழைய ஊரின் பெரும் பகுதியை இடித்துச் சாலைகள் போட்டார்கள். மட்டியாபுருஜில் பால்யத்தைக் கழித்த அப்துல் ஹலீம் ஷரர் (1860–1926), 1913 முதல் தம் பத்திரிகையில் தொடராக எழுதிய 'குஸிஷ்தா லக்னோ' (கடந்த கால லக்னோ) என்ற நூலில்தான் அந்த வாழ்க்கை விவரமாகப் பதிவாகியிருக்கிறது. உடை, உணவு, வெற்றிலைப் பெட்டி, வணக்கம் சொல்லும் முறை, சபையில் பேசும் முறை எதையும் அவர் விடவில்லை. அதே உலகத்தின் பலவீனத்தை 1924-ல் பிரேம்சந்த் 'சத்ரஞ்ச் கே கிலாடி' கதையில் காட்டினார். ராஜ்யம் பறிபோகும்போது இரண்டு பிரபுக்கள் சதுரங்கம் ஆடிக் கொண்டிருப்பார்கள். 1977-ல் சத்யஜித் ராய் அதைத் திரைப்படமாக எடுத்தார்.

அரசவை போன பிறகு பூத்தையல் எப்படிப் பிழைத்தது? முன்பு உயர்ந்த வேலையைச் செய்தவர்களில் ஆண் கலைஞர்களும் கணிசமாக இருந்தார்கள். ஆதரவு குறைந்ததும் கடைத்தெரு வியாபாரம் பெருகியது. வேலை மெல்ல மெல்லப் பெண்கள் கைக்கு மாறியது. நொடித்துப் போன வீடுகளில் கோஷாப் பெண்கள் வெளியே போகாமல், கௌரவம் குறையாமல் நாலு காசு சம்பாதிக்க ஊசி ஒன்றுதான் வழி. சிகனை அவர்கள் காப்பாற்றினார்கள்; அவர்களைச் சிகன் காப்பாற்றியது. ஆனால் வாசற்படி தாண்டாதவருக்குக் கடைத்தெரு விலை எப்படித் தெரியும்? இடையில் தரகர் வந்தார். ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்று அவர் வைத்ததே கூலி.

மரியாதையும் கூலியும்

எங்கள் குடியிருப்புக்குப் பின்தெருவில் முர்ரி வேலையில் கைதேர்ந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை 'காலா' (சித்தி) என்போம். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலை வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து அவர் கண் மங்கியிருந்தது. காலை வெயில் இருக்கும்போது மொட்டை மாடியில் உட்கார்ந்துதான் தைப்பார். ஒரு நாள், முடித்த குர்த்தாக்களைக் கொடுக்கப் போனபோது துணைக்கு நானும் போனேன்.

முதலாளி எழுந்து நின்று "தஷ்ரீஃப் வையுங்கள்" என்றார். தேக சௌக்கியம் விசாரித்தார். வெற்றிலைப் பெட்டியை நகர்த்தினார். பிறகு கணக்குப் புத்தகத்தைப் பிரித்தார். ஒரு குர்த்தாவில் சிறு கறை என்று ஒரு பிடித்தம். இன்னொன்று தாமதம் என்று இன்னொரு பிடித்தம். பாக்கிக்கு அடுத்த மாதம். இத்தனையும் 'ஆப்', 'ஜனாப்' குறையாமல், குரல் உயராமல் நடந்தது. காலாவும் "தங்கள் தயவு" என்று சொல்லிவிட்டு இறங்கினார். திரும்பும் வழியில் மட்டும், "பேச்சு சர்க்கரைதான் மகளே. அதைக் கொண்டு கோதுமை மாவு வாங்க முடியாதே" என்றார்.

அன்று எனக்கு இமாம்பாரா கதை வேறு விதமாகப் புரிந்தது. நவாப் இருட்டை மட்டும் தரவில்லை, கூலியும் தந்தார். அதனால்தான் அது மரியாதை. கூலியைப் பிடித்துக் கொண்டு இருட்டை மட்டும் தந்திருந்தால் அதற்குப் பெயர் வேறு.

இந்த நிலையை மாற்ற முயன்றவர்களும் உண்டு. 1984-ல் ரூனா பானர்ஜியும் சேஹபா ஹுசைனும் லக்னோவில் 'சேவா' அமைப்பைத் தொடங்கி, தரகர் இல்லாமல் பெண்களே நேராக விற்க வழி செய்தார்கள். 1986-ல் முஸஃபர் அலி எடுத்த 'அஞ்சுமன்' திரைப்படம் இந்தப் பெண்களின் கூலிப் போராட்டத்தையே கதையாகக் கொண்டது. 2008-ல் லக்னோ சிகனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் இயந்திரப் பூவேலை கடைகளில் குவிந்து கிடக்கிறது. கையால் செய்பவருக்குப் போய்ச் சேரும் பங்கு இன்னும் சிறியதுதான்.

நம் அங்கத்தினர்கள் சென்னையிலும் மும்பையிலும் பெங்களூரிலும் கோடைக்குச் சிகன் குர்த்தா வாங்குகிறார்கள். வாங்கும்போது உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். கைவேலையில் முடிச்சுகளும், ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு ஓடும் நூலும், சிறிது ஏற்றத்தாழ்வும் தெரியும். இயந்திரத் தையல் அச்சடித்தது போல ஒரே சீராக இருக்கும். கைவேலை என்று தெரிந்தால் பேரம் பேசுவதைச் சற்றுக் குறைத்துக் கொள்ளலாம். முடிந்தவர்கள் பெண்களின் கூட்டமைப்புகளிடமே வாங்கலாம்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. வைதிகர்களுக்கு நாம் கொடுப்பதைக் கூலி என்பதில்லை, 'ஸம்பாவனை' என்கிறோம். ஸம்ஸ்கிருதத்தில் அந்தச் சொல்லுக்குக் கௌரவித்தல் என்றே பொருள். கொடுக்கும் பணத்தையும் காட்டும் மரியாதையையும் பிரிக்காமல் ஒரே சொல்லில் வைத்த பெரியவர்களின் புத்தியை என்னவென்று சொல்வது! அந்தச் சொல்லை வைதிகரோடு நிறுத்திக் கொள்வானேன்? கல்யாணத்தில் நெருப்படியில் நிற்கும் பரிசாரகர், விடியற்காலையில் பூ கொண்டுவரும் அம்மாள், வீட்டு வேலைக்கு வருகிற பெண், எல்லோருக்கும் இனிய வார்த்தையும் நியாயமான பணமும் சேர்ந்தே போகட்டும். குழந்தைகளுக்கு "வாங்கோ, போங்கோ" என்று பேசக் கற்றுக் கொடுக்கும்போதே, வேலை செய்தவருக்கு அன்றே பணத்தை எண்ணி அவர் கையில் கொடுக்கவும் பழக்கி விடுவோம்.