சீசர்: ஒரு குடும்பப் பெயர் பதவியான கதை

கி.மு. 44-ன் தொடக்கத்தில், அல்பா மலை விழா முடிந்து ரோமுக்குத் திரும்பிய ஜூலியஸ் சீசரைக் கூட்டத்தில் சிலர் ‘ரெக்ஸ்’ என்று வாழ்த்தினார்கள். ரெக்ஸ் என்றால் அரசன். கி.மு. 509-இல் தார்க்வின் மன்னனைத் துரத்தியதாகப் பெருமைப்பட்ட ஊரில் அது வசவுக்குச் சமம். நான் ரெக்ஸ் அல்ல, சீசர் என்று சமாளித்தார் அவர். இதில் ஒரு குறும்பு உண்டு. ரெக்ஸ் ஒரு குடும்பப் பெயரும்கூட; அவருடைய அப்பாவைப் பெற்ற பாட்டி மார்சியா அந்த வீட்டுப் பெண். ஆள் மாறாட்டம் என்பதுபோல நழுவிவிட்டார்.

அவருடைய முழுப்பெயரில் காயுஸ் இட்ட பெயர், ஜூலியஸ் குலப்பெயர், சீசர் அந்தக் குலத்தின் ஒரு கிளைக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். இப்படி ஒட்டிக்கொள்பவை பல கேலிப்பெயர்கள்தான். சிசெரோவின் பெயருக்குள் கொண்டைக்கடலை இருக்கிறது. சீசருக்கோ பல கதைகள். முன்னோர் ஒருவரை வயிற்றைக் கீறி எடுத்தார்கள் என்கிறார் மூத்த பிளினி. அது ஜூலியஸ் சீசராக இருக்க வழியில்லை. மகன் கால் நாட்டில் போரிடும் காலம்வரை தாய் அவுரேலியா உயிரோடு இருந்தார். அந்தப் பெயருக்குப் பொருள் யானை என்றும் அடர்ந்த தலைமுடி என்றும் சொல்வாருண்டு. எனக்கு முடிக்கதைதான் பிடிக்கும்: மாலை சூடி வழுக்கையை மறைத்தவருக்கு அப்படி ஒரு பெயர்!

அவர் கொலையுண்டதும், உயிலின்படி சுவீகாரமான 18 வயது ஒக்தாவியன் சீசர் ஆனார். சொத்தைவிடப் பெயரே பெரிய முதல். பழைய படைவீரர்கள் அதற்காகவே அவர் பின்னால் திரண்டார்கள். அதன்பின் நீரோவரை பெயர் அதே குடும்பத்துக்குள் இருந்தது. கி.பி. 68-இல் நீரோ செத்ததும் ஆட்சிக்கு வந்த கல்பாவுக்கு அந்த வீட்டோடு இரத்த உறவும் இல்லை, சுவீகாரமும் இல்லை. ஆனாலும் சீசர் என்று போட்டுக்கொண்டார். பெயர் பதவியானது இங்கேதான். கி.பி. 293-இல் தியோக்ளீஷியன் மூத்த பேரரசர்களை அகுஸ்துஸ் என்றும், இளையவர்களைச் சீசர் என்றும் வரிசைப்படுத்தினார்.

பழைய தமிழ் விவிலியத்தில் சீசரைத் தேடினால் கிடைக்கமாட்டார். அங்கே அவர் ‘இராயன்’, அதாவது அரசன். ரோமில் கூசிய சொல்லைத் தமிழில் கூசாமல் எழுதிவிட்டார்கள்.

லத்தீன் உச்சரிப்பு ‘கைசர்’. ஜெர்மானியர் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ரஷ்யாவில் அது ‘ஜார்’ எனத் தேய்ந்தது. 1547-இல் நான்காம் இவான் அந்தப் பட்டத்தோடு முடிசூடினார். விக்டோரியா இந்தியாவுக்குக் ‘கைசர்-இ-ஹிந்த்’ ஆனார். அதே பெயரில் ஒரு பதக்கமும் இருந்தது. 1915-இல் காந்திக்குக் கொடுத்தார்கள். ஒத்துழையாமையின்போது, 1920-இல், அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.