‘மா’: ஓரெழுத்துச் சொல்லின் பல பிறப்புகள்

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் கணக்கிடும் 42 ஓரெழுத்துச் சொற்களுள் ‘மா’ ஒன்று. மாமரம், விலங்கு, அரைத்த மாவு, பெருமை, கருமை, திருமகள், நில அளவு என அதற்கு அகராதிகள் தரும் பொருள்கள் ஒரே வேரில் கிளைத்தவை அல்ல. திருமகளைக் குறிப்பது வடமொழி வரவு. பெருமை குறிக்கும் மா சங்க நூல்களிலேயே உண்டு. அன்று உலகத்தைச் சுட்டிய ‘மாநிலம்’ இன்று ஆட்சிப் பகுதியின் பெயர். அரைத்த மா தமிழ்நாட்டில் உகரம் ஏற்று ‘மாவு’ ஆயிற்று. இலங்கையில் இன்றும் கோதுமை மா, அரிசி மாதான். மலையாளத்தில் ‘மாவு’ என்றால் மாமரமும் ஆகும், அரைத்த மாவும் ஆகும். கன்னடத்து ‘மாவு’ மாங்கனிக்கே உரியது. அரைத்ததற்கு அங்கே ‘ஹிட்டு’.

நில அளவான மா தனியே கவனிக்கத்தக்கது. பழந்தமிழ்க் கணக்கில் மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று. இரண்டும் சேர்ந்த மாகாணி பதினாறில் ஒன்று. ஒரு வேலி நிலத்துக்கு 20 மா என்பதால், வயலின் அளவும் பின்னத்தின் பெயரும் ஒன்றாகிவிட்டன. காவிரிப் படுகையில் நிலத்தை மாக்கணக்கில் சொல்லும் வழக்கம் ஏக்கர் வந்த பிறகும் அழியவில்லை.

பிற மொழிகளுக்குள் நுழையும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சீனத்தின் மாண்டரினில் குரலின் ஏற்ற இறக்கமே பொருளை வகுக்கும்: சமநிலையில் ஒலிக்கும் மா தாய், மேலேறினால் சணல், இறங்கி ஏறினால் குதிரை, சட்டென இறங்கினால் திட்டுதல். தாய், திட்டுதல் ஆகியவற்றின் எழுத்துகளுக்குள்ளும் குதிரை எழுத்தே ஒலிக் குறிப்பாக நிற்கிறது. சங்கப் பாடல்களிலும் மா குதிரையைக் குறிப்பதுண்டு. இரண்டையும் உறவாக்கிவிடும் ஆசை எளிதில் எழும். ஆனால் சான்று இடம் தரவில்லை. தமிழ் மா பொதுவாக விலங்கைக் குறித்து, இடம் நோக்கிக் குதிரையையோ யானையையோ சுட்டுவது. சீனச் சொல்லின் பழைய வடிவத்திலோ மகரத்தை அடுத்து ஒரு ரகரம் இருந்ததாக மொழியியலாளர் மீட்டுரைக்கின்றனர். பர்மிய மொழியின் குதிரைச் சொல்லும் அதனோடு இணைத்துப் பார்க்கப்படுகிறது. இன்று ஒன்றுபோல் ஒலிப்பவை அன்று ஒன்றுபோல் ஒலிக்கவில்லை.

இலக்கணச் சொற்களில் இந்த ஒலித் தேய்மானம் இன்னும் தெளிவு. இத்தாலிய மொழியில் ‘ஆனால்’ எனப் பொருள்படும் மா, ‘மேலும்’ என்ற பொருளுடைய இலத்தீன் ‘மாகிஸ்’ தேய்ந்தது. பிரெஞ்சில் பெண்பாற் சொற்களுக்கு முன் ‘என்’ என்று வரும் மா, இலத்தீன் ‘மேயா’ குறுகியது. வடமொழியில் ‘வேண்டாம்’ என விலக்கும் மாவுக்குக் கிரேக்க ‘மே’ உடன்பிறப்பு. இது மெய்யான உறவு. அரபியில் ‘என்ன’ என்ற வினாவும் ‘இல்லை’ என்ற மறுப்பும் மாவே. ஹங்கேரிய மொழியில் அது ‘இன்று’. ஜப்பானியத்தில் இரு பொருள்களுக்கோ இரு ஒலிகளுக்கோ நடுவிலுள்ள இடைவெளி. அந்நாட்டின் நோ நாடகத்தில் அந்த இடைவெளிக்கும் கலை மதிப்பு உண்டு.

தாயைக் குறிக்கும் மா இந்த வழிகளுக்குள் மட்டும் அடங்காதது. இந்தி ‘மா(ங்)’ வடமொழி ‘மாதா’ பிராகிருதம் வழியாகத் தேய்ந்தது. சீன மா அதற்கு எவ்வகையிலும் உறவில்லை. மானிடவியலாளர் ஜார்ஜ் மர்டாக் திரட்டிய 1,072 பெற்றோர்ப் பெயர்களை வைத்து மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960இல் வெளியிட்ட கட்டுரை ஒரு விளக்கம் தந்தது. பால் குடிக்கும் குழந்தையின் வாய் மூடியிருக்கையில் மூக்கின் வழி எழும் முனகலே மகரமாகி, உணவையும் அதைத் தருபவளையும் சுட்டும் சொல்லாகிறது என்பது அவர் கருத்து. ஆயினும் இது விதியன்று, சாய்வு மட்டுமே: ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ தந்தை, ‘தேதா’ தாய். தமிழில் மாமா தாயுடன் பிறந்தவர்.

தமிழ் மா கடல் கடந்ததும் உண்டு, ஆனால் தனியாக அல்ல. ‘காய்’ சேர்ந்த மாங்காயும் மலையாள ‘மாங்ங’யும் மலாய் ‘மங்கா’வுக்கும் போர்த்துகீசிய ‘மாங்கா’வுக்கும் மூலமாகக் கருதப்படுகின்றன. போர்த்துகீசிய வடிவமே ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ ஆயிற்று; காயின் பெயரிலேயே அங்கே கனியும் விற்கப்படுகிறது.