இரண்டு கம்பிகளின் கதை



வெப்பத்தை அளக்கும் சிப் நகத்தைவிடச் சிறியது. அது கணினிப் பலகையோடு பேச இரண்டே கம்பிகள் போதும். அவை வந்த வழியைக் கேளுங்கள்.

1982-இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் கம்பெனி, தொலைக்காட்சிப் பெட்டிக்குள் கம்பிகளைக் குறைக்க 'ஐ-ஸ்கொயர்-சி' என்ற முறையை வகுத்தது. ஒரு கம்பி தாளம் போடும். மற்றதில் செய்தி போகும். ஒவ்வொரு சிப்புக்கும் ஓர் எண் உண்டு. நம் தோட்டத்துப் பெரட்டு மாதிரிதான்! கிராணி பேர் கூப்பிட்டால் அந்த ஆள் மட்டும் பதில் சொல்வார்.

ஒலிவெட்டி தட்டச்சு இயந்திரம் பிறந்த ஊர் இத்தாலியின் இவ்ரேயா. அங்கிருந்த வடிவமைப்புக் கல்லூரியில் கொலம்பியா நாட்டு மாணவர் எர்னாண்டோ பராகான் 2003-இல் 'வயரிங்' பலகையைச் செய்தார். அதை அடியொற்றி, ஆசிரியர் மாசிமோ பான்சி குழுவினர் 2005-இல் மலிவான 'ஆர்டுயினோ'வைக் கொண்டுவந்தார்கள். (அது அவ்வூர் மதுக்கடை ஒன்றின் பேர்!) ஆர்டுயினோவை உலகமே அறியும், அந்த மாணவரின் பேர் பலருக்குத் தெரியாது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

பிள்ளைகளே, சிப்பை மாட்டுமுன் வோல்ட்டைப் பாருங்கள். ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட். புதிய சிப்புகள் பல 3.3 வோல்ட். நேரே மாட்டினால் அப்பா கூலியில் வாங்கியது கருகிப்போகலாம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மணி காட்டும் டிஎஸ்1307, அசைவறியும் எம்பியு6050 இரண்டுக்கும் பிறவி எண் 68. பெரட்டில் ஒரே பேரில் இரண்டு பேர் நின்றால்? இருவரும் ஒன்றாகப் பேசுவார்கள், ஒன்றும் விளங்காது. எம்பியு6050-இன் 'ஏடி0' காலை 3.3 வோல்ட்டில் இணைத்துவிடுங்கள்; அதன் எண் 69 ஆகிவிடும்.