சட்ட மாணவர் எழுத்துப் பயிற்சி: காவிரிப் படுகை

வழக்குரை, எதிர்வழக்குரை, பிரமாணப் பத்திரம், கிரயப் பத்திரம் ஆகியவற்றை எழுதவும், கட்சிக்காரரிடம் விவரம் கேட்டு வாங்கவும், சாட்சியை விசாரிக்கவும் சட்ட மாணவருக்குத் தரப்படும் பயிற்சி இது. தஞ்சை வட்டாரத்தில் இது கல்லூரிப் பாடமாவதற்கு முன்பே கச்சேரியிலும் வக்கீல் அலுவலகத்திலும் நடந்துவந்தது.

சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி சர் தி. முத்துசாமி ஐயர், 1832இல் தஞ்சை மாவட்டம் உச்சுவாடியில் பிறந்தவர். இளமையில் வறுமை காரணமாகத் திருவாரூரில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் ஒரு ரூபாய். தாசில்தார் முத்துசாமி நாயக்கர் அவருடைய திறமையைக் கண்டு சென்னையில் படிக்க வழிசெய்தார். 1856இல் பிளீடர் தேர்வில் தேறி, தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். சட்டப் பட்டம் வாங்கியது அதற்கும் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். நிலக்கணக்கும் மனுவும் புழங்கிய இடத்தில் வளர்ந்ததே அவருக்கு முதல் சட்டப்பள்ளி என்று சொல்லலாம்.

1891இல் சென்னைச் சட்டக் கல்லூரி தொடங்கியது. தஞ்சை மாவட்டத்தவரான பி. எஸ். சிவசாமி ஐயர் 1893 முதல் 1899 வரை அங்கே கற்பித்தார். கல்லூரி சட்டக் கோட்பாட்டைச் சொல்லித் தந்தது. எழுத்தும் நடத்தையும் மூத்த வக்கீலிடம் பயிலுநராக இருந்து கற்கவேண்டியவையாக இருந்தன. அப்படிப்பட்ட பயிலுநர்களுக்குக் கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் ஆற்றிய விரிவுரைகள் 1940இல் நூலாக வந்தன. இந்தத் துறையில் தமிழ்நாட்டிலிருந்து எழுந்த அருமையான நூல் அது.

1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் இருந்த பயிற்சி நிபந்தனை 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. பட்டம் வாங்கிப் பதிவு செய்தவர் மறுநாளே கோர்ட்டில் நிற்கலாம் என்ற நிலை வந்தது. அதன் விலையைச் செலுத்தியவர்கள், முதல் வழக்கை அனுபவமற்றவரிடம் ஒப்படைத்த ஏழைக் கட்சிக்காரர்களே. இந்திய பார் கவுன்சில் 1995இல் கொண்டுவந்த ஓராண்டுப் பயிற்சி விதியை உச்சநீதிமன்றம் 1999இல் சுதீர் வழக்கில் ரத்து செய்தது. இதற்கிடையே 1997இல் நான்கு செய்முறைத் தாள்கள் கட்டாயமாயின. 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் அவற்றை விரிவாக்கின: வரைவுக்கு 15 பயிற்சிகள், பத்திரங்களுக்கு 15 பயிற்சிகள், மூன்று மாதிரி நீதிமன்ற வாதங்கள், மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் களப்பயிற்சி. 2011 முதல் நடக்கும் அகில இந்திய பார் தேர்வு விடையைத் தெரிவுசெய்யும் வினாக்களால் ஆனது. ஒரு பத்திகூட எழுதச் சொல்லாத தேர்வு எழுத்துத் திறனை எப்படி அளக்கும்? செய்முறை வேண்டும் என்பது புதிய கருத்தும் அல்ல. அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜெரோம் ஃபிராங்க், மருத்துவ மாணவருக்கு மருத்துவமனைபோல் சட்ட மாணவருக்கும் வழக்குகள் வேண்டும் என்று 1933லேயே வாதிட்டார்.

காவிரிப் படுகையில் இப்பயிற்சிக்குத் தனிச் சுமை உண்டு. தாவா சொத்து அசையாச் சொத்தானால், அதை அடையாளம் காணப் போதுமான விவரத்தை வழக்குரையில் தரவேண்டும். நான்கெல்லையோ சர்வே எண்ணோ இருந்தால் அவற்றைக் குறிக்கவேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம். இங்கே கட்சிக்காரர் பேசுவது மாவிலும் வேலியிலும். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, ஒரு மா சுமார் 33 சென்ட். பட்டாவில் இருப்பதோ ஹெக்டேரும் ஏரும். மாற்றிக் கணக்கிடுவதில் பிழை வந்தால் தீர்ப்பு கிடைத்தாலும் வயலில் நிறைவேற்றுவது சிக்கலாகும். குத்தகை வழக்கு இன்னும் நுணுக்கமானது. 1955ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் பயன் வேண்டுமானால், குத்தகைதாரரோ அவர் குடும்பத்தாரோ உடலுழைப்புச் செலுத்திப் பயிரிடுவதை நிறுவவேண்டும். நடவும் அறுப்பும் யார் செய்தார்கள் என்று வயல்வரப்பில் நின்று கேட்டறியாத மாணவர் அந்தப் பத்தியை எழுதவே முடியாது.

வகுப்பில் வைத்துப் படிக்கத் தகுந்த படுகை மனு ஒன்றும் உண்டு. காவிரிப் பாசன விவசாயிகள் சங்கம் 1983இல் அரசியலமைப்பின் 32ஆம் பிரிவின் கீழ் உச்சநீதிமன்றத்தில் தாக்கல் செய்த ரிட் மனு அது. காவிரி நீர்த் தகராறை நடுவர் மன்றத்துக்கு அனுப்பவேண்டும் என்பது அதன் மையக் கோரிக்கை. 1990 மே 4இல் நீதிமன்றம் மத்திய அரசுக்கு ஒரு மாத கெடு விதித்தது. ஜூன் 2இல் நடுவர் மன்றம் அமைந்தது. பரிகாரத்தை எவ்வளவு தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இந்த மண்ணில் இல்லை.

1979இல் தொடங்கிய திருச்சிராப்பள்ளி அரசு சட்டக் கல்லூரியும், தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகச் சட்டப்பள்ளியும் இப்பகுதி மாணவருக்கு அருகிலுள்ளவை. தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தின் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் தந்தது. சட்டக் கல்வி விதிகளோ ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக முதலில் வைக்கின்றன. ஆகவே தமிழில் வழக்குரை எழுதும் பழக்கம் பெரும்பாலும் வக்கீல் குமாஸ்தாவிடமும் பத்திர எழுத்தரிடமும் கற்கப்படுகிறது. செய்முறைத் தாளின் 30 வரைவுகளில் பாதியையேனும் தமிழில் எழுதவைப்பது கல்லூரிகளின் கையிலேயே இருக்கிறது.