ஏரி மீனும் எழுத்தறிவும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோயிலையும் கோட்டையையும் நாடுவது வழக்கம். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கப் பொறுப்பாளர்கள் கேட்டபோது, நாம் ஏரிக்கரையை நாடினோம். கல்விச் சங்க மலரில் மீன் பிடிப்பதைப் பற்றி என்ன எழுத இருக்கிறது என்று இளைஞர்கள் நகைக்கக்கூடும். பொறுமையோடு இறுதிவரை படித்தால், நம் மக்களின் வரலாற்றில் ஏரி மீனும் எழுத்தறிவும் ஒன்றையொன்று எவ்வாறு தொட்டு நிற்கின்றன என்பது விளங்கும்.

ரெட்டியார்பாளையம் உழவர்கரையைச் சேர்ந்தது. உழுதொழிலின் பெயரை ஊர்ப்பெயரிலேயே தாங்கிய பகுதி இது. இன்று வீடுகள் நெருங்கி, சாலைகள் பெருகி, நகரமாகவே ஆகிவிட்ட இவ்வூரைச் சுற்றி ஒரு காலத்தில் வயலும் வாய்க்காலும் குட்டையும் இருந்தன. புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உள்ளன என்பது கணக்கு. அவற்றுள் மிகப் பெரியது ஊசுட்டேரி. அடுத்தது பாகூர் ஏரி. நகருக்கு மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஊசுட்டேரியின் பரப்பு ஏறக்குறைய 800 ஹெக்டேர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி புதுச்சேரியிலும், எஞ்சியது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திலும் அடங்கும். சங்கராபரணி ஆற்று வெள்ளம் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக அதனை நிரப்புகிறது. நமக்கு அண்மையில் கனகன் ஏரி உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி, சித்திரை, வைகாசியில் வற்றும் இந்நீர்நிலைகளே நம் முன்னோரின் வயிற்றை ஓரளவேனும் காத்தன.

ஏரி என்றால் பாசனம் என்பதே பலரது நினைவு. ஆயின் ஏரிக்கு இன்னொரு வருவாயும் உண்டு. அதுவே மீன். ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவதை மீன்பாசிக் குத்தகை என்பர். இது நேற்று வந்த வழக்கமன்று. பாசிப்பாட்டம் என்னும் பெயரில் இவ்வருவாய் இடைக்காலக் கல்வெட்டுகளிலேயே காணப்படுகிறது. ஏரி மீனுக்கு விலை உண்டு, அவ்விலைக்கு உரியவர் உண்டு என்பது பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வரையறுக்கப்பட்டுவிட்டது.

அந்த உரியவர் யார்? ஏரி வெட்டியவரும், கரைக்கு மண் சுமந்தவரும், மழை இரவில் உடைப்பை அடைக்க ஓடியவரும் உழைக்கும் மக்கள். தமிழகத்தின் பல ஊர்களில் மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிப் பணியைச் செய்துவந்தோர் நம் மக்களே. ஆனால் ஏரியைப் பற்றி முடிவெடுக்கும் அவையில் நிலமுடையோரே அமர்ந்தனர். நிலம் இல்லாதவனுக்கு நீரில் பங்கில்லை; நீரில் பங்கில்லாதவனுக்கு மீனிலும் பங்கில்லை. குத்தகைதாரர் வலை இழுத்து முடித்த பின், முழங்கால் சேற்றில் இறங்கிப் பொறுக்கும் சிறு மீனே நம் பங்காயிற்று.

கல்விக்கும் இக்கணக்குப் பொருந்தும். நம் பாகூரில் கிடைத்த செப்பேடுகள், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், அங்கிருந்த வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைக் கூறுகின்றன. பெருமைக்குரிய செய்திதான். ஆயினும் அக்கல்விச்சாலை வேதம் ஓதுவோருக்கு உரியது. அவ்வூர்களின் வயலில் உழுதவன் பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

சேற்றில் பொறுக்கிய மீனுக்கு அப்பால் நம் முன்னோர் கையில் எஞ்சிய கருவி தூண்டில் ஒன்றே. மூங்கில் கழி, நூல், முள், நெட்டியில் செய்த தக்கை, மண்புழு; இவ்வளவே முதலீடு. இதனை விளையாட்டென்று எண்ணிவிடலாகாது. இதற்குப் பின்னே பெரியதோர் அறிவு இருந்தது. கெண்டைக்கு மண்புழுவும் சோற்றுருண்டையும் போதும். விராலுக்கு உயிருள்ள தவளையோ சிறு மீனோ வேண்டும். கெளுத்தி இரவில் இரை தேடும். அதன் முள் குத்தினால் கடுக்கும். விரால் நீரின் மேல் வந்து காற்றை விழுங்கும் மீன். ஆகையால் ஏரி வற்றிய பின்னும் சேற்றில் உயிர் தாங்கி இருக்கும். மழைக்காலத்தில் அதன் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாய்த் திரள, தாயும் தந்தையும் காவல் நிற்கும். அந்நேரத்தில் பெரிய விராலைப் பிடித்தால் குஞ்சுகள் அத்தனையும் அழியும் என்று கூறி, நம் பெரியவர்கள் சிறுவரைத் தடுத்தனர். எந்த நூலையும் படிக்காத அவர்கள் இயற்கையைப் படித்திருந்தனர்.

பனையேறிக் கெண்டையைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. நம் கடற்கரையில் உள்ள தரங்கம்பாடியில் அம்மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக டேனிஷ்காரர் டால்டார்ஃப் எழுதிய குறிப்பு 1797இல் ஐரோப்பாவில் அச்சேறியது; அறிஞர் உலகம் வியந்தது. ஆனால் நம் நாட்டார் அம்மீனுக்குப் பெயர் வைக்கும்போதே அச்செய்தியையும் அதில் வைத்துவிட்டனர். அறிவு நம்மிடம் இருந்தது; எழுத்து அவர்களிடம் இருந்தது. வரலாறு எழுதியவன் பெயரைத்தான் நினைவில் வைத்தது.

இங்கிலாந்து நாட்டிலும் மீனுக்கு மேல் கீழ் உண்டு என்றால் வியப்பாயிருக்கும். சால்மன், டிரவுட் ஆகிய மீன்கள் செல்வர் பிடிக்கும் உயர்ந்த மீன்கள். கெண்டை இனம் முதலிய ஏனையவை பரும்படி மீன்கள். பரும்படி மீனைத் தூண்டிலிட்டவர்களுள் பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளர். ஆனால் அவர்கள் ஒன்று செய்தனர். ஷெஃபீல்டு போன்ற தொழில் நகரங்களில் தூண்டில்காரர் சங்கங்களை அமைத்தனர். கணக்கு எழுதினர், மனுப் போட்டனர். அதன் பயனாக, அந்நகரின் நாடாளுமன்ற உறுப்பினர் முண்டெல்லாவின் முயற்சியால், 1878இல் நன்னீர் மீன்வளச் சட்டம் பிறந்தது. மீன் முட்டையிடும் மார்ச்சு நடுவிலிருந்து ஜூன் நடுவரை பரும்படி மீன் பிடிக்கத் தடை விதிக்கப்பட்டது. நம் பெரியவர்கள் விரால் குஞ்சுக்காக வாய்மொழியாகச் சொன்னதையே அவர்கள் எழுதிச் சட்டமாக்கினர். எழுதும் சங்கத்திற்கு உள்ள வலிமை அதுவே.

இனி நம் நாட்டுச் சட்டங்களுக்கு வருவோம். பிரெஞ்சு ஆட்சியில் 1880இல் நகராட்சி அமைப்புகள் தோன்றின. உழவர்கரையும் அவற்றுள் ஒன்று. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணைப்படி, தம் சாதி வழக்காறுகளைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்க எவருக்கும் வழி திறந்தது. அவ்வாறு ஏற்றவருள் ஒடுக்கப்பட்ட மக்கள் பலர். புதிய குடும்பப் பெயர் கிடைத்தது. ஏட்டில் சமத்துவம் கிடைத்தது. ஏரிக்கரையில் அது கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று.

எல்லைக்கு அப்பால் சென்னை மாகாணத்தில், பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தத் தடையில்லை என்னும் தீர்மானம் 1924இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1927 மார்ச்சு 20ஆம் நாள் மகாடு நகரின் சவுதார் குளத்தில் இறங்கி, அண்ணல் அம்பேத்கர் ஒரு கை நீர் அள்ளிப் பருகினார். அந்த ஒரு கை நீருக்காக நீதிமன்றங்களில் பத்தாண்டு வழக்கு நடந்தது. 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் 15ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே உரிமையைக் காத்தது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி இந்திய ஆட்சிக்கு வந்து, 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியும் இணைந்தது. அக்காப்பு நமக்கும் உரியதாயிற்று.

சட்டம் வந்தது, மீன் வந்ததா? நம் அனுபவம் ஒன்றைக் கூறுவோம். 1970களின் இறுதியில், நாம் தொடக்கப்பள்ளி மாணவராய் இருந்தபோது, உறவினர் ஊர் ஒன்றின் ஏரிக்கரையில் தூண்டிலிட்டு அமர்ந்திருந்தோம். குத்தகைக் காவலர் வந்து கழியைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தார். குத்தகை எப்போது விடப்பட்டது, எவ்வளவுக்கு விடப்பட்டது என்று சேரியில் எவருக்கும் தெரியாது. ஏல அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டிருந்ததாம். ஒட்டியது உண்மைதான். படிக்கத் தெரிந்தவர் அதனை அறிந்தனர்.

அவ்வூரில் பத்தாம் வகுப்பு வரை படித்த அண்ணன் ஒருவர் இருந்தார். அடுத்த ஆண்டு அவர் நாள்தோறும் அப்பலகையைப் பார்த்துவந்தார். அறிவிப்பு வந்த அன்று மாலை, தெருவிளக்கின் கீழ் அதனை வரி வரியாகச் சொல்லி விளக்கினார். பதினோரு குடும்பங்கள் பணம் சேர்த்தன. ஒரு தாய் தம் கால் கொலுசை அடகு வைத்தார். அவ்வாண்டு எதிர்த்தரப்பு தொகையை ஏற்றிவிட்டதால் ஏலம் கைதவறியது. அதற்கடுத்த ஆண்டு கிடைத்தது. வலை இறக்கும் நாளில் தகராறு செய்ய வந்தவர்களிடம் அந்த அண்ணன் குரல் உயர்த்தவில்லை. ரசீதை மட்டும் நீட்டினார். வந்தவர்கள் அதைப் படித்துவிட்டுத் திரும்பினர். அன்று பிடித்த மீன் பதினோரு பங்காகக் கரையில் குவிக்கப்பட்டதை நாம் கண்ணாரக் கண்டோம். நாம் ஆசிரியப் பணிக்கு வந்ததற்கு அக்காட்சியும் ஒரு காரணம்.

ஆசிரியரான பின் நாம் செய்த தவறு ஒன்றையும் மறைப்பதற்கில்லை. ஒரு கோடையில், ஆண்டுத் தேர்வு நெருங்கும் நாளில், மாணவன் ஒருவன் நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தவனைக் கடிந்து வகுப்பிற்கு வெளியே நிறுத்தினோம். “சார், ஏரியில வலை இழுத்தாங்க. அம்மா சேத்துமீன் பொறுக்கப் போச்சு. தம்பிய நான்தான் பாத்துக்கிட்டேன்” என்றான். ஏரி வற்றும் காலமும் தேர்வுக் காலமும் நம் பிள்ளைகளுக்கு ஒன்றாகவே வருகின்றன என்பதை அன்றுதான் உணர்ந்தோம். மறு ஆண்டு முதல் அந்த நாள்களில் பெற்றோரை நேரில் கண்டு பேசி, சிறு பிள்ளைகளையும் உடன் அழைத்துவரச் செய்தோம். வருகைப் பதிவேடு நிறைந்தது.

காலம் மாறியது. 1952இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை ஏரிகளில் பல்கிப் பெருகியது. 1957இல் ஈராலால் சவுதுரி ஒடிசாவில் ஊசி மூலம் கெண்டை இனங்களைச் சினைப்படுத்தி வெற்றி கண்டார். அதனால் கட்லா, ரோகு குஞ்சுகளை ஏரியில் விட்டு வளர்ப்பது எளிதாயிற்று. ஏரி மீனின் மதிப்பு உயர்ந்தது. குத்தகைத் தொகையும் உயர்ந்தது. ஏனைய மீன்களை விழுங்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தி 2000இல் தடை செய்யப்பட்டும் முற்றிலும் ஒழியவில்லை. ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008இலும், தமிழ்நாட்டுப் பகுதி 2015இலும் பறவைகள் சரணாலயமாயின. பறவைகளைக் காப்பது நன்றே. அங்கே தூண்டிலிட்டுப் பிழைத்த ஏழைக்கு மாற்று வழி காட்டுவதும் நன்றே. நம் அண்மையிலோ குட்டைகள் தூர்ந்தன. எஞ்சிய நீரில் கழிவுநீர் கலக்கிறது.

இந்நிலையில் இளைஞர்கள் அறியவேண்டிய சட்டங்கள் இரண்டு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது, பட்டியலினத்தவர் ஊர்ப் பொதுச் சொத்தையும் ஆறு, குளம் முதலியவற்றையும் பிறரைப் போலப் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம் என்று தெளிவாகச் சேர்க்கப்பட்டது. ஊர்ப் பொதுக் குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்றவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. இவை இரண்டும் அச்சில் உள்ளன. அவற்றைப் படித்துச் சொல்வோர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கவேண்டும்.

ஆதலின் இவ்வெள்ளி விழாவில் இளைஞர்களுக்கு மூன்று வேண்டுகோள் விடுக்கிறோம். நம் சுற்றுவட்டாரத்து ஏரி, குட்டைகளின் பெயர், பரப்பு, இன்றைய நிலை ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். முதியோர் நினைவில் மட்டும் வாழும் குட்டைகளையும் சேர்த்து எழுதுங்கள். மீன்பாசி ஏல அறிவிப்பு எங்கே, எப்போது வெளிவருகிறது என்று அறிந்து, மாலை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். மூன்றாவதாக, தூண்டில் போடத் தெரிந்த தாத்தாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று அமர்ந்து, அவர் அறிந்த மீன்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு எழுதத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நம் சங்கம் 25 ஆண்டுகளாக உழைத்தது அதற்காகவே.